கைக்குள் ஒரு நுரைப் பந்து



பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு நாட்டின் பல மூலைகளிலும் குடியேறியிருக்கும் தமிழ் மக்களுக்கான இப்பேச்சு வரிசையில், இலக்கியம், இசை, பொருளாதாரம் என்று பெரிய பொருள்களைப் பற்றி அறிஞர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ ஓர் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரியது. அதன் எடையும் சில கிராம்தான். உள்ளங்கையில் வைத்து விரல்களால் அமுக்கினால் சுருங்கும். விட்டால் மெல்ல விரிந்து பழைய உருவத்தை அடையும். கடைக்காரர்கள் அதனை ‘ஸ்ட்ரெஸ் பால்’ என்பார்கள். நாம் நுரைப் பந்து என்று சொல்லிக்கொள்வோம். மனத்தின் இறுக்கத்தைப் போக்கும் பொருள் என்று அது விற்கப்படுகிறது. உண்மையில் போக்குகிறதா, போக்குமாயின் எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு. இதில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அக்டோபர் முதல் நாள், தேசியத் தன்னார்வ இரத்த தான நாளை ஒட்டி எங்கள் அலுவலகக் கட்டடத்தில் ஒரு முகாம் நடைபெற்றது. நண்பர்கள் அழைத்தார்கள், நானும் சென்றேன். இளம் மருத்துவர் ஒருவர் என் புயத்தில் பட்டையைச் சுற்றி அளவெடுத்தார். எடுத்தவர் புருவத்தைச் சுருக்கி மறுபடியும் எடுத்தார். 154-க்கு 98 என்றார். மேல் அளவு 140-க்கும் கீழ் அளவு 90-க்கும் மிகுந்தவரிடம் இரத்தம் பெறுவதில்லை என்பது விதி. “நீங்கள் கொடுக்க வேண்டாம், ஒரு நல்ல வைத்தியரைப் போய்ப் பாருங்கள்” என்று பணிவோடு சொல்லி அனுப்பிவிட்டார். பக்கத்துக் கட்டில்களில் என் சகாக்கள் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு சிவப்பு நுரைப் பந்தை விட்டுவிட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்கைத் தசைகள் சுருங்கி விரியும்போது நாளங்களில் இரத்தம் தடையின்றி வரும் என்பதற்காக அங்கே அதைக் கொடுப்பார்கள். கொடுத்தவர்களுக்கு நினைவுப் பொருளாக அப்பந்தையே அளித்தார்கள். கொடுக்க இயலாத எனக்கும், இரக்கப்பட்டோ என்னவோ, ஒன்றை நீட்டினார்கள்.

வெட்கத்தோடு அதை வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தேன்.

நான் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். இளமையில் சென்னையில் இந்திப் பிரசார சபையின் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறி, கலைப் பட்டமும் பெற்று, இருபதாண்டுகளுக்கு முன் தில்லிக்கு வந்தவன். ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இடையே ஓடம் தள்ளுவது என் தொழில். நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் மாலை ஆறு மணிக்கு ஒரு கட்டுக் காகிதம் வரும். காலை பத்து மணிக்குள் அது மற்றொரு மொழியில் மேசைமீது இருக்க வேண்டும். ஒரு சொல் பிசகினால் பொருள் பிசகும். பொருள் பிசகினால் விளக்கம் கேட்டுக் குறிப்பு வரும். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. வேலையின் இயல்பு அது. ஆனால் அலுவலகத்தில் இரு மொழிகளில் அடக்கி வைத்த கோபம் முழுவதும் வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது மொழியில், நல்ல தமிழில், வெளிப்பட்டது. அதுதான் குறை.

என் தொழிலின் வழக்கப்படி, முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘ஸ்ட்ரெஸ்’ என்பதைத் தமிழில் அழுத்தம் என்கிறார்கள். அது இரத்த அழுத்தத்தோடு சென்று குழம்புகிறது. நெருக்கடி என்றால் புறத்தே இருந்து வருவது. உளைச்சல் என்றால் உள்ளே இருப்பது. இறுக்கம் என்ற சொல்லே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ஏனெனில் அது உள்ளத்துக்கும் பொருந்தும், தோள்பட்டைக்கும் பொருந்தும். இச்சொல்லை மருத்துவ உலகில் பரப்பியவர் வியன்னாவில் பிறந்து, கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் ஸெல்யே என்பவர். குளிர், காயம், மிகையான உழைப்பு, நஞ்சு ஆகியவற்றுள் எதனால் துன்புற்றாலும் எலிகளின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றுகின்றன என்று 1936-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். பௌதிக சாத்திரத்தில், ஒரு பொருளின் மேல் செயற்படும் விசை ‘ஸ்ட்ரெஸ்’. அதனால் அப்பொருளில் உண்டாகும் திரிபு ‘ஸ்ட்ரெயின்’. தமக்கு ஆங்கிலம் இன்னும் செம்மையாகத் தெரிந்திருந்தால் இரண்டாவது சொல்லையே தேர்ந்திருக்கலாம் என்று ஸெல்யே பிற்காலத்தில் வருந்தியதாகச் சொல்வார்கள். சொல் மாறிப் போனதற்காக ஓர் உலகப் புகழ் பெற்ற அறிஞரே வருந்தியிருக்கிறார் என்பதில் எங்களைப் போன்றோருக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு.

பந்துக்கு வருவோம். அது பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. ஜெர்மனியில் லெவர்குஸன் நகரில் ஓட்டோ பேயர் என்ற இரசாயன அறிஞரும் அவருடைய குழுவினரும் 1937-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தது அது. இரண்டு திரவங்களைக் கலக்கும்போது சிறிது தண்ணீரும் சேர்ந்தால் கரியமில வாயு பிறந்து, இட்லி மாவு புளித்துப் பொங்குவது போல் முழுவதும் நுரைத்துக்கொள்ளும், நுரைத்தபடியே இறுகிவிடும். அந்நுரையின் அறைகளுக்கிடையே திறப்புகள் இருப்பதால், அமுக்கும்போது காற்று வெளியேறுகிறது. விடும்போது உள்ளே புகுகிறது. பந்து மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். நாம் உட்காரும் மெத்தைகளும் பேருந்து இருக்கைகளும் அதற்கு உறவினர்கள்தாம்.

இனிக் கையைப் பார்ப்போம். நேயர்கள் இருந்த இடத்திலிருந்தே ஒரு சிறு சோதனை செய்யலாம். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் மட்டும் பொறுத்தருள வேண்டும். வலது முன்கையின் நடுப்பகுதியை இடது கையால் மெல்லப் பற்றிக்கொள்ளுங்கள். இப்பொழுது வலது கை விரல்களை மடக்கி முஷ்டியாக்குங்கள். பற்றிய இடத்தில் சதை திரண்டு எழுவதை உணர்கிறீர்கள் அல்லவா? விரல்களை வலிமையாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டின் வழியாக விரல்களுக்குச் செல்கின்றன, பொம்மலாட்டக்காரனின் கயிறுகளைப் போல. எழுதுகோலை நாள் முழுவதும் இறுகப் பிடிப்பவரும், விசைப்பலகையைத் தட்டுபவரும், ‘கை வலிக்கிறது’ என்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார்கள்; இறுகியிருப்பது பெரும்பாலும் அதற்கு மேலே உள்ள பகுதி. அது இறுகியிருப்பதே நமக்குத் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை.

இந்த வேடிக்கையை வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்ஸன். தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையைப் பற்றி அவர் 1929-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ‘தளர்ந்திரு’ என்று ஒருவரிடம் சொல்வதில் பயனில்லை. தான் இறுகியிருப்பதை அறியாதவன் எதைத் தளர்த்துவான்? ஆகவே ஒரு தசையை வேண்டுமென்றே சற்று இறுக்கச் செய்து, ‘இதுதான் இறுக்கம்’ என்று அடையாளம் காட்டி, பிறகு அதை முற்றிலும் விட்டுவிடப் பழக்கினார். இறுக்குவது அறிவதற்காக, பயன் விடுவதில். நம் நாட்டில் சவாசனத்தைப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1969-ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் கே. கே. தாத்தேயும் அவருடைய சகாக்களும், இரத்தக் கொதிப்புடைய 47 பேருக்குச் சவாசனத்தைக் கற்பித்து, அவர்களுள் பலருக்கு அது பயன்பட்டதை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நுரைப் பந்து இதே நெறியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித் தருகிறது. அலுவலக மேசையில் யாரும் சவாசனம் செய்ய முடியாது அல்லவா!

ஆனால் நான் அப்பந்தை அவ்வாறு பயன்படுத்தவில்லை. எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். கோபம் வந்தபோதெல்லாம் அதை எடுத்து நெரித்தேன். குறிப்பு அனுப்பியவரின் முகத்தை நினைத்துக்கொண்டு நெரித்தேன். வீட்டுக்கும் எடுத்துச் சென்றேன். சில வாரங்கள் சென்றபின் ஒரு மாலை, எட்டாம் வகுப்பில் படித்த என் மகள் தமிழ்ப் பாடப் புத்தகத்தோடு என் அறை வாசல்வரை வந்து, திரும்பிச் சென்றாள். உள்ளே தன் தாயிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது: “அப்பா கையில பந்து இருக்கும்மா. அப்புறம் கேட்டுக்கறேன்.”

கொதிப்பைத் தணிக்கக் கொடுத்த பொருள், எங்கள் வீட்டில் கொதிப்பை அறிவிக்கும் சிவப்பு விளக்காக ஆகியிருந்தது. நாள் முழுதும் ஊராருக்குச் சொற்களைத் தேடிக் கொடுக்கிறவன், தன் மகள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க அஞ்சும்படி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

படித்தவற்றுள் ஒன்று என் தலையில் குட்டியது. சினத்தை எதன் மீதாவது கொட்டித் தீர்த்துவிட்டால் அது தணியும் என்பது உலக வழக்கிலுள்ள எண்ணம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிராட் புஷ்மன் என்ற உளநூல் பேராசிரியர் இதைச் சோதித்து 2002-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அறுநூறு மாணவர்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை யாரோ மிகக் கடுமையாகப் பழித்திருப்பதாகக் காட்டிக் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர் பழித்தவனை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டை மூட்டையைக் குத்தினார்கள். மற்றொரு பிரிவினர் உடற்பயிற்சியை மட்டும் எண்ணிக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பழித்தவனை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் மிகுந்திருந்தது. பிறருக்குத் துன்பம் கொடுக்கும் வேகம் சும்மா இருந்தவர்களிடம் மிகவும் குறைந்திருந்தது. குத்தியது எரியும் அடுப்பில் எண்ணெய் வார்த்ததாயிற்று. நுரைப் பந்தை மேலதிகாரியின் கழுத்தாகப் பாவிக்கும் அன்பர்கள் யாரேனும் இருந்தால் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மற்றொன்றும் உண்டு. முஷ்டியை இறுக்கிப் பிடித்து அப்படியே வைத்திருக்கும் நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறும். மூச்சையும் அடக்கிக்கொண்டால் இன்னும் ஏறும். ஏற்கெனவே கொதிப்புள்ளவன் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தை நெரிப்பதால் அந்நேரத்துக்கு அதனை ஏற்றிக்கொள்கிறானே தவிர இறக்கிக்கொள்வதில்லை. கைப்பிடிப் பயிற்சியால் நாளடைவில் இரத்த அழுத்தம் ஓரளவு குறைவதாகக் கண்ட ஆராய்ச்சிகள் உள்ளன. அவை பிடியின் வலுவை அளக்கும் கருவியைக் கொண்டு, மூன்றில் ஒரு பங்கு வலுவோடு, குறித்த நிமிடக் கணக்கில், வாரக்கணக்காகச் செய்யப்படுபவை. அதை வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டும். கடையில் வாங்கும் பந்து அந்தக் கருவி அன்று.

பின், எப்படிப் பயன்படுத்துவது? எனக்குப் பழகிப்போன முறையைச் சொல்கிறேன். பந்தைப் பாதி வலுவோடு மட்டும், ஐந்து எண்ணும் வரை அமுக்குகிறேன். மூச்சு இயல்பாக வந்துபோகிறது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக, பத்து எண்ணும் வரை, மெதுவாக விடுகிறேன். பந்து விரியும் வேகத்துக்குக் கை விரியட்டும் என்பதே கணக்கு. அப்போது மனத்தை முன்கையில் வைக்கிறேன். அங்கே ஒரு கதகதப்பும் கனமும் பரவுவது தெரிகிறது. வலக்கையில் ஐந்தாறு முறை, இடக்கையில் ஐந்தாறு முறை. மூன்று நான்கு நிமிடம் ஆகும். அந்நேரத்தில் யாருடைய முகத்தையும் நினைப்பதில்லை. தொடக்கத்தில் இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினமாக இருந்தது. கோபம் வந்தபின் பந்தைத் தேடுவதைவிட, வருமுன்னே, கட்டுக் காகிதத்தைப் பிரிப்பதற்கு முன்பு செய்வது நல்லது என்றும் அனுபவத்தில் கண்டேன். விரல் மூட்டுகளில் வீக்கமுள்ளவர்களும், கையில் அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும் இதை வைத்தியரைக் கேளாமல் செய்யலாகாது. சிறு குழந்தைகள் நுரையைக் கடித்துத் தின்றுவிடும். எட்டாத இடத்தில் வையுங்கள். சில ஆண்டுகளில் நுரை தானாகவே பொடியாக உதிரும். அப்போது வருந்தாமல் எறிந்துவிடலாம்.

பந்தில் மந்திரம் ஒன்றுமில்லை. கைக்கு மெல்லியதொரு வேலை கொடுத்தால் மனம் சற்றே அமர்கிறது என்பது நம் வீடுகளில் அறியாததன்று. ஜபமாலை உருட்டும் தாத்தாவையும், முன்றிலில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் அத்தையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வடக்கே வந்து குடியேறிய பின் என் மனைவி சப்பாத்தி மாவு பிசையக் கற்றுக்கொண்டாள்; வீட்டில் என்ன சச்சரவு நடந்தாலும் மாவு பிசைந்து முடிக்கும்போது தன் பங்கு முடிந்துவிடுகிறது என்று அவள் சொல்வதுண்டு. நெரிப்பதற்கும் பிசைவதற்கும் உள்ள வேற்றுமையை அவளிடமே நான் கற்றிருக்கலாம். இவ்வளவு படித்திருக்க வேண்டியதில்லை.

பந்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. காலில் நரம்புச் சுருட்டலுக்காக, முழு மயக்கம் கொடுக்காமல் அறுவை செய்துகொண்ட 398 நோயாளிகளைப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். சிலருக்கு இசை, சிலருக்குத் திரைப்படம், சிலர் கையில் நுரைப் பந்து, சிலருக்கு அருகே ஒரு தாதி அமர்ந்து அறுவை முடியும்வரை பேசிக்கொண்டிருந்தாள். பந்து பிடித்தவர்களுக்கு அச்சம் 18 சதவீதமும் வலி 22 சதவீதமும் குறைவாக இருந்தன. வலியைப் பொறுத்தவரை பந்துக்கே முதலிடம். அச்சத்தைப் பொறுத்தவரை, தாதி பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது 30 சதவீதம் குறைந்திருந்தது. இசையால் பயன் காணப்படவில்லை; இசை விரும்பிகள் என்னைக் கோபிக்கக்கூடாது.

என் கொதிப்பு இன்று கட்டுக்குள் இருக்கிறது. அதற்குக் காரணம் வைத்தியர் கொடுத்த மாத்திரை, காலை நடை, ஊரிலிருந்து வரும் மாவடுச் சாடியை நெருங்காதிருத்தல் ஆகியவையே. பந்துக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கமாட்டேன். பந்து செய்த உதவி வேறு. மகளிடம், “கையில் பந்து இருந்தாலும் வந்து கேட்கலாம்” என்று சொன்னேன். அவள் உடனே நம்பிவிடவில்லை. ஒரு வாரம் கழித்து வாசலில் நின்றபடியே ‘வாளா’ என்றால் என்ன பொருள் என்று கேட்டாள். சும்மா, பேசாமல் என்று பொருள் சொன்னேன். அடுத்த வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் தாயார் தனியே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொலைபேசியில் அழைப்பார். ஊரில் யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிணறு வற்றியது, எந்தப் பசு கன்று ஈன்றது என்று அவர் தொடங்குவதற்குள், முன்பெல்லாம், “சரிம்மா, வேலை இருக்கு” என்று இரண்டு மூன்று நிமிடத்தில் நான் முடித்துவிடுவேன். இப்போது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். விளக்குக்குப் பஞ்சுத் திரி திரித்துக்கொண்டே பேசுவது அவர் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். என் கையில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் ஒரு திரி திரிக்கும் நேரத்துக்கு நான் ஒருமுறை அமுக்கி விடுகிறேன். சென்ற ஞாயிறன்று இப்படியே நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கடைசியில் அவர் சற்று நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார்:

“என்னடா, இன்னைக்கு இவ்வளவு நேரம் பேசறே? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”